புகை போற வழியில பிள்ளைங்க நிக்கக் கூடாது

அந்த ஊர்ல நேரம் தவறாம வேலைக்கு வர்ற அரசாங்க ஊழியர்னு ஒருத்தர்தான் உண்டு. அவர் பேரு புகை.

மத்த ஊழியர்கள் எல்லாம் காலைல வந்து நாற்காலில பையை உக்கார வெச்சுட்டு டீக்குப் போயிடுவாங்க. சாயங்காலம் வரைக்கும் அந்தப் பைதான் நாட்டுக்கு உழைக்கும். புகை அப்படியில்ல. பள்ளிக்கூடத்துல முதல் மணி அடிச்சதும் பின்பக்கத்துக் குப்பைமேட்டுலேர்ந்து எழுந்து, சோம்பல் முறிச்சு, மதில் தாண்டி, தெருவுல இறங்கி, வீடுவீடாப் படியேறி எல்லாரையும் நலம் விசாரிச்சுட்டுப் போகும். லீவு கிடையாது. சிபாரிசு கிடையாது. ஏழை, பணக்காரன்னு வித்தியாசமும் கிடையாது.

அதை எழுப்பி விடுறதுக்கு ஒரு ஆள் இருந்தான், குப்பைமேட்டுக் காவலாளி. ஊருக்குள்ள அவன் பேரு தீப்பெட்டி. "சேரும் குப்பையை உடனுக்குடன் அப்புறப்படுத்த வேண்டியது"ன்னு அவனுக்கு மேலிடத்து உத்தரவு. அப்புறப்படுத்த லாரி வரல, தீப்பெட்டிதான் வந்துச்சு. கைக்குக் கிடைச்சதை வெச்சு அவன் கடமையைச் செஞ்சான். கையில கடிகாரம் கிடையாதுங்கறதால பள்ளிக்கூட மணிதான் அவனுக்கு நேரம். மணி அடிச்சா உரசுவான். அவன் பொண்ணும் அதே பள்ளிக்கூடத்துலதான் படிச்சா, அவளும் இருமுவா. அப்பா கொளுத்தறதும் பொண்ணு இருமறதும் வேற வேற துறைங்கறதால வீட்டுல அதைச் சேத்துப் பேசுறதில்ல.

இந்தத் தெருவுலதான் கத்திரி சலூன் வெச்சிருந்தான். கையில கத்திரி ஓடுற வேகத்தை விட வாய் ஓடுற வேகம் அதிகம். அவன்கிட்ட முடிவெட்டிக்க வந்தவங்க தலை பாரம் குறைஞ்சு, காது பாரம் ஏறிப் போவாங்க. அவனுக்கு ஒரே பொண்ணு, சிட்டு. ஏழு வயசு. பேச்சுல அப்பனை வித்துடுவா. ஆனா பேச்சுக்கு நடுவுல மூச்சு வாங்கும். வாங்கினா நெஞ்சுக்குள்ள யாரோ விசில் ஊதுற மாதிரி சத்தம் வரும்.

டாக்டர் நெஞ்சுல கருவியை வெச்சுக் கேட்டுட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒண்ணு புகை போகணும், இல்ல பிள்ளை போகணும். வெளியூர்ல சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"என் அக்கா இருக்கா, டாக்டர்"ன்னான் கத்திரி.

அவன் வீட்டுக்காரி நிமிர்ந்து பாத்தா. "அப்ப புகையை உங்க அக்கா வீட்டுக்கு அனுப்புங்க. என் பிள்ளை எங்கயும் போகாது."

வர்ற வழியில சிட்டு அப்பா விரலைப் பிடிச்சு இழுத்தா. "என்னை அத்தை வீட்டுக்கு அனுப்பிடுவியாப்பா?"

"உன்னையா? போடி. புகைக்குத்தான் டிக்கெட் எடுக்கப் போறேன். போக மட்டும், திரும்பி வர இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா."

வாய்க்கு வந்த வார்த்தைதான். ஆனா அன்னிக்கு ராத்திரியே வீடுவீடாப் போய்ப் பிள்ளை பெத்தவங்களை எல்லாம் சலூனுக்குக் கூப்பிட்டான்.

மறுநாளே சலூன்ல பெற்றோர் பேரவை கூடுச்சு. நாற்காலி இருக்கற கடைங்கறதால கத்திரிதான் தலைமை. தையல்கார அக்கா எழுந்து நின்னு, "கெஞ்சுனா நடக்காது, சட்டம் போடச் சொல்லணும். சட்டம்னு வந்துட்டா யாரும் மீற முடியாது"ன்னா. 'இங்கு புகைபிடிக்கக் கூடாது'ன்னு எழுதியிருந்த சுவத்துல சாஞ்சு சிகரெட் பிடிச்சிட்டிருந்த ரொட்டிக்கடைக்காரர் அதை ரொம்ப ஆமோதிச்சார்.

கோரிக்கை ரெண்டு. பிள்ளைங்க இருக்கற பக்கம் குப்பையைக் கொளுத்தக் கூடாது. பிள்ளைக்கு முடியலன்னா அப்பா அம்மாவை வேலை எடத்துலேர்ந்து முகம் சுளிக்காம வீட்டுக்கு விடணும். ரெண்டும் ஒரு டீ குடிக்கற நேரத்துல முடிவாச்சு. மிச்சப் பொழுதெல்லாம் பேனர் என்ன கலர்ங்கறதுல போச்சு.

"மஞ்ச"ன்னான் கத்திரி. "தூரத்துலேர்ந்து தெரியும்."

"சுற்றுச்சூழல்னா பச்சைதான். உலகம் பூரா பச்சை"ன்னா தையல்கார அக்கா.

"இந்தப் புகையில பச்சை கறுப்பாத் தெரியும்க்கா."

"மஞ்ச மட்டும் என்ன, மின்னுமா?"

பச்சை ஜெயிச்சுது. கத்திரி அந்தத் தோல்வியை மனசுக்குள்ள ஒரு ஓரமா மடிச்சு வெச்சான்.

கூட்டம் கலையற நேரத்துல தீப்பெட்டி ஓடி வந்தான், மேலெல்லாம் சாம்பல். "மன்னிக்கணும், இன்னிக்கு எல்லாம் ஈரக் குப்பை. பத்த வைக்கறதுக்குள்ள உசுரு போயிடுச்சு. என்னையும் சேத்துக்குங்க, நானும் பிள்ளை பெத்தவன்தானே."

எல்லாரும் நகந்து இடம் விட்டாங்க. தொண்டை ஏற்கெனவே கரகரன்னு இருந்ததால கோஷம் போடுற பொறுப்பு அவனுக்கே வந்துச்சு.

"எல்லாம் மேலிடம் பாத்துச் செய்யணும்"னு தீப்பெட்டி நாற்காலில சாஞ்சான். "நம்ம கையில என்னங்க இருக்கு?" கையில இருந்த தீப்பெட்டியை உருட்டிக்கிட்டேதான் சொன்னான். எல்லாரும் பெருமூச்சு விட்டாங்க. விட்ட வேகத்துல இருமினாங்க.

பேரவை மொதல்ல போனது காத்துத் துறை ஆபீசுக்கு. அங்க ஒரு அதிகாரி. எதைக் கேட்டாலும் பூஜ்யம்னு சொல்றதால ஊர் அவருக்குப் பூஜ்யம் சார்னு பட்டம் குடுத்திருந்துச்சு.

"புகையா? எங்க?"ன்னார் பூஜ்யம் சார்.

"ஜன்னலுக்கு வெளிய பாருங்க சார். எதிர்க் கட்டடம் தெரியுதா?"

"தெரியல."

"அதான் சார் புகை."

"எதிர்க் கட்டடம் தெரியலங்கறது கண் டாக்டர் சமாச்சாரம். எனக்கு ஆதாரம் வேணும். ஆதாரம் இந்தப் பக்கம் இருக்கு, வாங்க."

உள்ளே ஒரு ஏசி ரூம். செருப்பைக் கழட்டிட்டுப் போகச் சொன்னார். நடுவுல மேஜை மேல, வெல்வெட் துணி போத்தி, புகையை அளக்கற மெஷின் ஒண்ணு தூங்கிட்டிருந்துச்சு. சுவத்துல 'இயந்திரத்தின் மீது புகை படாமல் பாதுகாக்கவும்'னு பலகை.

கத்திரிக்கு நாக்கு அரிச்சுது. "சார், இதை வெளிய வெச்சாத்தானே அளக்கும்?"

"வெளியவா? புகை பட்டா கெட்டுப் போயிடாதா? வாங்கினதுலேர்ந்து ஒரு ரிப்பேர் கிடையாது. மத்த ஊர்ல எல்லாம் வெளிய வெச்சு அநியாயமாக் கெடுத்துட்டாங்க."

"இப்ப என்ன சார் காட்டுது?"

"பூஜ்யம். மேற்படி ஊரில் காற்று மிகச் சிறப்பாக உள்ளது."

"அப்ப என் பொண்ணு எதுக்கு சார் இருமுறா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? பழக்கதோஷமா இருக்கும்."

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடிச்சுது. பூஜ்யம் சார் குரலைத் தாழ்த்தினார். "எத்தனை டிகிரி? ஈரத்துணி போட்டியா? இல்லம்மா, இப்ப எப்படி வர முடியும்? பிள்ளைக்கு முடியலன்னா அப்பாவை வீட்டுக்கு விடணும்னு கேட்டு ஒரு கூட்டம் வந்திருக்கு. ஏன் விட முடியாதுன்னு அவங்களுக்குப் பதில் சொல்லிட்டு வர்றேன்."

போனை வெச்சுட்டு மெஷின் மேல வெல்வெட் துணியைச் சரி பண்ணினார். "என் பையனும் இருமுறான்"ன்னார். அப்புறம் தொண்டையைக் கனைச்சு, "ஆனா அது சொந்த விஷயம்"ன்னு முடிச்சுட்டார்.

அடுத்து மிஞ்சினது சட்டசபை உறுப்பினர். தலைவர்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. அவரைப் பாக்க வீட்டுக்குப் போனா ஆபீஸ்ல இருப்பார், ஆபீசுக்குப் போனா வீட்டுல இருப்பார். ஆனா ஷேவிங்குக்கு மட்டும் கத்திரிகிட்ட வந்துதான் ஆகணும். அவர் தாடைல ஒரு பள்ளம், அதுல கத்தி ஓட்ட வேற யாருக்கும் தெரியாது.

கத்திரி நுரையைத் தடவி, தலையைப் பின்னாடி சாய்ச்சு, தொண்டைக்குழியில கத்தியை வெச்சுட்டு ஆரம்பிச்சான்.

"தலைவரே, அசையாதீங்க. அந்தக் குப்பையைக் கொளுத்தறதுக்கு எதிரா ஒரு சட்டம் வேணும்."

"ம்ம்."

"பிள்ளைங்க மூச்சு விட முடியல. என் பொண்ணை ஊரை விட்டே அனுப்புன்னு டாக்டர் சொல்றார்."

"ம்ம்."

"சபையில நீங்கதான் கொண்டு வரணும்."

"ம்ம். ம்ம்."

கத்தியை எடுத்ததும் தலைவர் எழுந்து கண்ணாடியைப் பாத்தார். தன் முகத்துல புதுசா ஒரு கருணை வந்திருக்கறதைக் கவனிச்சார். அது நுரை போன பளபளப்புன்னு கத்திரி சொல்லல.

"குடும்பம், காத்து, பச்சை…" தலைவர் தாடையைத் தடவினார். "எடுப்பாத்தான் இருக்கு. இதுவரைக்கும் யாரும் பண்ணல இல்ல?"

அன்னிக்குச் சாயங்காலமே ஊருக்குக் குடும்பப் பாசம் பிடிச்சுக்கிச்சு. காய்ச்சல் மாதிரி பரவுச்சு. ரொட்டிக்கடை 'குடும்ப நேய ரொட்டிக்கடை'யா மாறுச்சு. சாராயக்கடைக்காரன் வாசல்ல ஒரு பச்சை பலூனைக் கட்டிக் குடும்பத்தோட வரச் சொன்னான். குப்பை லாரி ஒண்ணு இருந்துச்சு, ஓடாது. அதுக்கு முன்னாடி சிரிக்கற கண்ணு ரெண்டு வரைஞ்சாங்க. குப்பைமேட்டு மதில் பூரா மரம் வரைஞ்சு, கிளையில கிளியும் வரைஞ்சாங்க. வரைஞ்ச ஆள் இருமல் தாங்காமப் பாதியில ஓடிட்டான். கடைசிக் கிளிக்கு வாலும் இல்ல, கண்ணும் இல்ல. பாக்கறதுக்கு அது ஒண்ணுதான் நிஜமா இருந்துச்சு.

கத்திரியும் சும்மா இருக்கல. 'சுற்றுச்சூழல் பாதுகாப்பு முடி அலங்கார நிலையம்'னு பச்சைப் பலகை மாட்டினான்.

"முடி வெட்டுறதுல சுற்றுச்சூழல் எங்கேர்ந்து வந்துச்சு?"ன்னா வீட்டுக்காரி.

"வெட்டுன முடியை நாம கொளுத்தறதில்லையே."

"ஆமா, கூட்டி வாரிக் குப்பைமேட்டுல கொட்டுறோம். அங்க கொளுத்தறாங்க."

"அது வேற துறைடி."

தலைவரோட விளம்பரத்துக்குப் படம் எடுக்க ஒரு போட்டோகாரர் வந்தார். சிட்டுவைக் குப்பைமேட்டு முன்னாடி நிக்க வெச்சு, "இருமு கண்ணு. ஆனா சிரிச்ச முகமா இருமு. பாக்கறவங்க மனசு கஷ்டப்படக் கூடாது"ன்னார். படம் ஊர் பூரா பிளாஸ்டிக் பேனர்ல தொங்குச்சு. மழைல நனைஞ்ச பேனரை எல்லாம் கழட்டிக் குப்பைமேட்டுல போட்டாங்க. அன்னிக்குப் புகை ஒரு மாதிரி பச்சையா வந்துச்சுன்னு பலரும் பெருமையாச் சொன்னாங்க.

சட்டம் போடறதுக்கு முன்னாடி பெற்றோர் கருத்தைக் கேக்க ஒரு குழு உக்காந்துச்சு. 'குடும்ப நலன் மற்றும் தூய காற்றுக்கான உயர்நிலைக் குழு.' வாசல்ல 'குழந்தைகளுக்கு அனுமதி இல்லை'ன்னு பலகை. பிள்ளைங்களை வெளியில வெயில்ல உக்கார வெச்சுட்டுப் பெத்தவங்க உள்ளே போனாங்க. நடுவுல தலைவர், பக்கத்துல பூஜ்யம் சார்.

கத்திரி அவன் வாழ்க்கையில மைக்கைத் தொட்டதில்ல. தொட்டதும் அவனுக்கு உள்ளே என்னமோ ஆயிடுச்சு.

"மாண்புமிகு பெரியோர்களே!"ன்னு ஆரம்பிச்சான். எதுக்கும் எல்லாரும் கை தட்டினாங்க. அதுக்கப்புறம் அவனை நிறுத்த முடியல. 

பூஜ்யம் சார்தான் குறுக்க வந்தார். "சுருக்கமாச் சொல்லுங்க. புகையில பிள்ளைங்க இருக்கக் கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவேதான்!"

"அப்படியே எழுதிடலாமா?"

"எழுதுங்க! கொட்டை எழுத்துல எழுதுங்க!"

"சரி. இப்ப ரெண்டுல ஒண்ணு நடக்கணும்." பூஜ்யம் சார் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டார். "குப்பைமேட்டை நகத்தணும்னா புது நிலம் வேணும், லாரி வேணும், நாலு துறை ஒத்துக்கணும். பிள்ளையை நகத்தணும்னா என்ன வேணும்?"

கத்திரி யோசிச்சான். "கையைப் பிடிச்சாப் போதும் சார்."

"பாத்தீங்களா, குழுத் தலைவரே! மக்களே தெளிவா இருக்காங்க."

கத்திரி வீட்டுக்காரி பின் வரிசைலேர்ந்து எழுந்து, "என்னங்க, நீங்க என்ன சொல்லித் தொலைச்சீங்க?"ன்னு கத்தினா. அதுக்குள்ள கைதட்டல் தொடங்கிடுச்சு. ஜனங்க முகம் பூரா வெற்றி. கத்திரிக்கும் ஏதோ இடிச்சுது; ஆனா மைக் இன்னும் கையில இருந்ததால அவனால யோசிக்க முடியல.

சட்டம் ஒரே மனசா நிறைவேறுச்சு. எதிர்க்கட்சி கூட எதிர்க்கல, குடும்பத்தை எதிர்த்துச்சுன்னு பேரு வருமே. தெருவுல பச்சைப் பொடி பறந்துச்சு. கத்திரியைத் தோள்ல தூக்கினாங்க. கோஷம் போட்டுப் போட்டுத் தீப்பெட்டிக்குக் குரலே போச்சு. மறுநாள் காலைல மணி அடிச்சதும் அவன் குரல் இல்லாமலே குப்பையைக் கொளுத்தினான்.

"என்னய்யா இது, சட்டம்தான் வந்துடுச்சே?"ன்னு ரொட்டிக்கடைக்காரர் கேட்டார்.

தீப்பெட்டி சைகைல கேட்டான்: கொளுத்தாதேன்னு எனக்கு யார் சொன்னா?

யாரும் சொல்லல. சட்டத்தை ஒருத்தர் படிச்சுச் சொன்னப்பதான் விளங்குச்சு. அதுல கொளுத்தறதைப் பத்திப் பேச்சே இல்ல. 'புகை செல்லும் வழியில் குழந்தைகள் எவரும் காணப்படுதல் கூடாது. காணப்படும் குழந்தைகள் உடனுக்குடன் வெளியூர் உறவினரிடம் அப்புறப்படுத்தப்பட வேண்டியது.'

கத்திரி வீட்டுக்காரி அவன் பக்கம் திரும்பினா.

"அக்கா வீடு"ன்னா அவ. "டாக்டர் சொன்னதை நீங்க சட்டமாவே ஆக்கிட்டு வந்துட்டீங்க."

சிட்டு அப்பாவையே பாத்தா. "சத்தியம்னியேப்பா."

பதில் சொல்றதுக்குள்ள தெருமுனைல பச்சை வேன் வந்து நின்னுச்சு. அதுலயும் சிரிக்கற கண்ணு வரைஞ்சிருந்துச்சு. பூஜ்யம் சார்தான் இறங்கினார். சட்டத்தை அமல்படுத்தற பொறுப்பை அவர்கிட்டயே குடுத்திருந்தாங்க.

வீட்டுக்காரி யோசிக்கவே இல்ல. சிட்டுவைத் தூக்கிச் சலூன் நாற்காலில போட்டு, கழுத்துவரைக்கும் துணியைப் போத்தி, முகம் பூரா நுரையை அப்பினா. பூஜ்யம் சார் உள்ளே வர்றப்போ கத்திரி பிரஷ்ஷைப் பிடிச்சு நின்னான்.

"இந்த இடத்தில் குழந்தை ஏதாவது வைத்திருக்கிறீர்களா?"

"இல்லீங்க சார்."

"இது யாரு?"

"கஸ்டமர்."

"கால் தரையைத் தொடலையே?"

"பெரிய மனுஷங்க சார். கால் தரையில படாது."

பூஜ்யம் சார் குனிஞ்சு நுரையைப் பாத்தார். நுரைக்குள்ளேர்ந்து ரெண்டு கண்ணு அவரைத் திருப்பிப் பாத்துச்சு.

"ஐயா என்ன வேலை பாக்கறீங்க?"

"ரிட்டையர் ஆயிட்டேன்"ன்னா சிட்டு, குரலைத் தடியாக்கி. "நீங்க எப்ப ஆவீங்க?"

பூஜ்யம் சார் ஒரு அடி பின்னாடி வெச்சு வணக்கம் சொன்னார். ஷேவிங் பண்ணிக்கறவர் குழந்தையா இருக்க முடியாதுங்கறது சட்டத்துக்கும் பொருத்தமாத்தான் இருந்துச்சு.

வேன் போனதும் வீட்டுக்காரி சிரிக்க ஆரம்பிச்சவ நிறுத்தவே இல்ல. சிட்டு நுரையோட அவளைக் கட்டிக்கிட்டா. சேதி சலூன்லேர்ந்து தெருவுக்குப் போச்சு. சாயங்காலத்துக்குள்ள அந்தத் தெருவுல பிள்ளைன்னு ஒண்ணு இல்ல. தையல்கார அக்கா அப்பாக்களோட சட்டையை எல்லாம் வெட்டித் தெச்சா. பையன்களுக்குக் கத்திரி மையால மீசை வரைஞ்சான். பொண்ணுங்க அம்மா செருப்பை மாட்டிக்கிட்டு, கைப்பையை ஆட்டிக்கிட்டு, விலைவாசியைப் பத்திப் பேசிக்கிட்டே நொண்டி விளையாடினாங்க. தீப்பெட்டி பொண்ணு மூக்குக்கண்ணாடி மாட்டி டீச்சராயிட்டா. நாலு வயசுப் பயல் ஒருத்தன் மீசையோட அம்மா இடுப்புல உக்காந்து போனான். கேட்டவங்ககிட்ட, "எங்க வீட்டுக்காரர், உடம்பு சரியில்ல"ன்னா அவன் அம்மா.

சட்டம் அபார வெற்றி. புகைப் பகுதியில் குழந்தைகள் எண்ணிக்கை: பூஜ்யம். பிள்ளையே இல்லாத ஊர்ல பள்ளிக்கூடம் எதுக்குன்னு அதை மூடினாங்க. மூடின கட்டடத்துல மிச்சக் குப்பையைக் கொட்டினாங்க. பள்ளிக்கூடம் இல்லாததால மணியும் இல்ல. மணி இல்லாததால தீப்பெட்டிக்கு நேரம் தெரியல. எதுக்கும் இருக்கட்டும்னு அவன் நாள் பூரா உரசினான்.

ரெண்டாவது கோரிக்கையும் நிறைவேறுச்சு. பிள்ளைக்கு முடியலன்னா அப்பா அம்மாவுக்கு உடனே லீவு. பிள்ளை இருக்கறவங்களுக்கு மட்டும்.

ஒரு மத்தியானம் பூஜ்யம் சார் திரும்பவும் சலூனுக்கு வந்தார். இந்தத் தடவை வேன் இல்ல. கோட்டுக்குள்ள எதையோ மறைச்சுத் தூக்கிட்டு வந்தார். கோட்டைத் திறந்தா, இளைச்சுப் போன ஒரு பையன்.

"எங்க குவார்ட்டர்சும் புகைப் பகுதியிலதான் வருதாம்"ன்னார், வேற எங்கயோ பாத்துக்கிட்டு. "இவனுக்கு ஒரு மீசை வேணும்."

"என்ன மாதிரி மீசை சார்?"

"நல்லா, நம்பற மாதிரி வை. நாளைக்கு நானே வந்து சோதனை பண்ணணும்."

கத்திரிக்கு நக்கல் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. பையன் நெஞ்சுக்குள்ள அதே விசில் சத்தம் கேட்டுச்சு. நக்கலை முழுங்கிட்டு, மைச்சிமிழை எடுத்தான்.

சட்டத்தோட வெற்றி விழா அன்னிக்குத் தலைவர் ஷேவிங்குக்கு வந்தார். தெரு பூரா வாசல்ல கூடி நின்னுச்சு. மீசை வெச்ச குட்டிப் பெரியவங்க எல்லாம் முன் வரிசை, அவங்களோட பூஜ்யம் சாரும் தீப்பெட்டியும். பக்கத்து நாற்காலில சிட்டு வழக்கம் போல நுரைக்குள்ள. கத்திரி தலைவர் தலையைச் சாய்ச்சுக் கத்தியை வெச்சான்.

அப்பப் பாத்து சிட்டுவுக்கு இருமல் வந்துச்சு. அடக்கினா. அடங்கல. சின்னதா, கீச்சுன்னு, பிள்ளை இருமல்.

தலைவர் கண்ணைத் திறந்தார். "யாரது?"

வீட்டுக்காரி சட்டுனு இருமினா. அதைப் பாத்துத் தையல்கார அக்கா இருமினா. ரொட்டிக்கடைக்காரர் சேந்துக்கிட்டார். தெருவே ஒண்ணா இருமுச்சு, பிள்ளை சத்தம் அதுக்குள்ள மறைஞ்சு போச்சு. நல்ல நடிப்பு. ஆனா போதும்னு நிறுத்தப் பாத்தப்போ யாராலயும் நிறுத்த முடியல. ஆரம்பிச்சதுதான் நடிப்பு. கடைசியில தலைவரும் இருமினார். கத்தி அவர் தாடைல லேசாக் கீறிடுச்சு.

"அட, பெரியவங்களையும் பாதிக்குதா!" தலைவர் முகத்துல பழைய கருணை வந்துச்சு. "இதுக்கும் ஒரு சட்டம்…"

"தலைவரே, அசையாதீங்க"ன்னு கத்திரி அவசரமாத் தொண்டைல கத்தியை அழுத்தினான். "பெரியவங்களையும் அப்புறப்படுத்திட்டா நான் யாருக்கு முடி வெட்டுறது?"

ஆனா வாசல்ல காதுல விழுந்துடுச்சு. "சட்டமா? பேரவையைக் கூட்டணுமே! பேனர் என்ன கலர்?"ன்னா தையல்கார அக்கா, இருமலுக்கு நடுவுல.

கத்திரி பல்லைக் கடிச்சான். பேசக் கூடாது, பேசக் கூடாதுன்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டான். முடியல.

"இந்த வாட்டி மஞ்ச!"

எல்லாரும் கை தட்டினாங்க. தட்டி ஓஞ்சதும், நுரைக்குள்ளேர்ந்து சிட்டு கேட்டா:

"ஏம்ப்பா, தீப்பெட்டி மாமா கையில இருக்கற தீப்பெட்டியை வாங்கி வெச்சுக்கிட்டா போதாதா?"

தீப்பெட்டி தன் கையைக் குனிஞ்சு பாத்தான், அங்க ஒண்ணு இருக்கறது இப்பத்தான் தெரிஞ்ச மாதிரி. பூஜ்யம் சார் வாயைத் திறந்து, எந்தத் துறைன்னு தெரியாம மூடினார்.

தலைவர் நெத்தியைச் சுருக்கினார். "இது பிள்ளைங்க பேசுற மாதிரில்ல இருக்கு? இங்க குழந்தை எதுவும் இருக்கா?"

கத்திரி தீப்பெட்டியைப் பாத்தான். கை நீட்டினா எட்டுற தூரம். பொண்ணைப் பாத்தான். 'இருக்கா தலைவரே, என் பொண்ணு சரியாத்தான் கேக்கறா'ன்னு சொன்னாப் போதும். சொன்னா பச்சை வேன் வரும். அவனுக்கு வாழ்க்கையிலயே வார்த்தை பஞ்சமானது அப்பத்தான். ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சுது.

"இல்லீங்க தலைவரே."

"இல்லீங்க!"ன்னுச்சு தெரு. பெத்தவங்க எல்லாரும் ஒரே குரல்ல, பேரவை ஆரம்பிச்சதுலேர்ந்து இல்லாத ஒத்துமையோட. தீப்பெட்டி கூட குரல் இல்லாத தொண்டையால "இல்லீங்க"ன்னான். மீசை வெச்ச மகனைப் பின்னாடி தள்ளி மறைச்சுக்கிட்டு, "பூஜ்யம்!"னார் பூஜ்யம் சார்.

"அதானே பாத்தேன்." தலைவர் கண்ணை மூடிக்கிட்டார். "என்ன சின்னப்பிள்ளைத்தனமான யோசனை."

சிட்டு அதுக்கப்புறம் எதுவும் கேக்கல. நுரைக்குள்ள உதட்டை இறுக்கி மூடிக்கிட்டு, பெரிய மனுஷி மாதிரியே உக்காந்திருந்தா.

தீப்பெட்டி வெளிய எட்டி வானத்தைப் பாத்தான். மணி என்னன்னு தெரியல. எதுக்கும் இருக்கட்டும்னு போய் உரசினான்.

புகை வந்துச்சு. இப்பல்லாம் அது வர்ற நேரம்தான் நேரம்.